பாதி மீன் சரி, எதில் பாதி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பழங்குடிகளின் சால்மன் மீன்பிடி உரிமை பற்றிய தகராறைப் பற்றிப் பேச்சு வந்தால், மாநில விவகாரத்தில் மத்திய அரசு ஏன் மூக்கை நுழைக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மாநில உரிமைக்காக எப்போதும் வாதாடுகிறவன் நான். ஆனால் இந்த வழக்கில் அந்த வாதம் நிற்காது.

1854, 1855-இல், மத்திய அரசின் கீழிருந்த வாஷிங்டன் ஆட்சிப்பகுதியின் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் அங்கிருந்த பழங்குடிகளிடம் ஒப்பந்தம் போட்டு நிலத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டபோது, வாஷிங்டன் என்றொரு மாநிலமே கிடையாது. வாக்குக் கொடுத்தது அமெரிக்க அரசு. வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைப் பழங்குடிகள் விட்டுக்கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அது யாரும் போட்ட பிச்சையல்ல.

பின்னால் வந்த மாநிலம் அவர்களைத் திருடர்களைப் போல நடத்தியது. நிஸ்குவாலி ஆற்றில் வலை போட்டதற்காக 1945-இல் நிஸ்குவாலிப் பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியரைக் கைது செய்தபோது அவருக்கு வயது 14. அதன்பிறகு ஐம்பது முறைக்கு மேல் கைதானார். கடைசியில் மத்திய அரசே மாநிலத்தின் மீது வழக்குப் போட்டது. பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடிகளுக்கு என்று 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். மாநிலம் முரண்டு பிடித்ததால், மீன்பிடிப்பை நீதிமன்றமே நேரடியாகக் கண்காணிக்க நேர்ந்தது. 1979-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது.

எதில் பாதி என்பதுதான் என் ஆதங்கம். 1999-இல், அந்த மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்ற உள்வாங்கிய கடற்பகுதியின் சினூக் வகைச் சால்மன் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதிலிருந்து மாநிலமும் பழங்குடிகளும் ஆண்டுதோறும் கூடிப்பேசி வகுக்கும் மீன்பிடித் திட்டத்துக்கு மத்திய மீன்வளத் துறையின் ஒப்புதல் வேண்டும். வலை எந்த ஆற்றில், எத்தனை நாள் இறங்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு.

மீனை வலை மட்டுமா கொல்கிறது? சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய்ப்பாலங்களைப் பாருங்கள். காலப்போக்கில் நீர் அடிமண்ணை அரித்து, குழாயின் வாய் ஓடைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். கடலிலிருந்து முட்டையிட வரும் சால்மன் எம்பிப் பார்க்கும், விளிம்பில் மோதி விழும், மறுபடி எம்பும். அந்தக் குழாய்க்கு மேலே நல்ல முட்டையிடும் இடம் வெறுமனே கிடக்கும். இவற்றைச் சரிசெய்யவும் பழங்குடிகள்தான் 2001-இல் நீதிமன்றம் போனார்கள். மாநிலம் தன் குழாய்ப்பாலங்களில் பெரும்பாலானவற்றை 2030-க்குள் மாற்றியாக வேண்டும் என்று 2013-இல் உத்தரவு வந்தது. மாநிலம் அதையும் எதிர்த்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிற்க, தோற்றது.

சால்மனைப் பாதிக்கும் இன்னொன்றான கடலோரத் தடுப்புச் சுவர்களுக்கு அனுமதி வழங்குவதில் மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படைக்கும் பங்கு உண்டு. வலைக்கு நாள் குறிக்கும் கண்டிப்போடு, சுவர் கட்ட அனுமதி கேட்கும் மனுக்களையும் அந்தப் படை திருப்பி அனுப்பட்டும். அதற்குப் பிறகு பழங்குடிகளிடம் போய், இந்த ஆண்டு இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம்.