லாசாவின் பழைய வீடுகளைப் பழுதுபாருங்கள், இடிக்காதீர்கள்

திபெத்தின் பழைய கட்டடங்களை இடிப்பதைப் பற்றிப் பேசினாலே ஒரு கேள்வி வரும். “குழாய்த் தண்ணீர் இல்லாமல், ஒழுங்கான கழிப்பறை இல்லாமல் அந்த மக்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொடுத்தால் நல்லதுதானே?” கேள்வியில் இருக்கும் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான பதிலைத் திபெத்தின் தலைநகர் லாசாவிலேயே, கால் நூற்றாண்டுக்கு முன்பே, சிலர் செய்து காட்டிவிட்டார்கள்.

லாசாவின் நடுவில் ஜோகாங் கோயில். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில். அதைச் சுற்றி பக்தர்கள் வலம் வரும் வீதிக்குப் பார்கோர் என்று பெயர். பலர் விழுந்து கும்பிட்டபடியே முழு வீதியையும் சுற்றி வருவார்கள். அந்த வீதியிலும் சந்துகளிலும்தான் பிரபுக்களின் மாளிகைகளும் வணிகர் வீடுகளும் சிறு மடங்களும் நெருக்கமாக நின்றன. ஆஸ்திரியரான பீட்டர் ஆஃப்ஷ்னைட்டர் 1940களின் கடைசியில் நகரை அளந்து வரைபடம் போட்டபோது சுமார் 600 கட்டடங்கள் இருந்தன. 1990களின் முடிவில் அவற்றில் பெரும்பகுதி இல்லை. மாவோ காலத்துச் சீனாவின் கலாசாரப் புரட்சி மடங்களை நாசமாக்கியது எல்லோருக்கும் தெரியும். வீடுகள் அதிகம் போனது அதற்கப்புறம், நகர மேம்பாடு என்ற பெயரில். தலாய் லாமாக்கள் வாழ்ந்த பொட்டாலா அரண்மனை 1994-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே பத்தாண்டில் அதன் காலடியில் இருந்த ஷோல் கிராமத்தின் பெரும்பகுதியை அகற்றிவிட்டார்கள். அரண்மனையை மட்டும் காப்பாற்றி அதோடு வாழ்ந்த ஊரைக் காலிசெய்தால், அதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கட்டடங்களில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதற்குக் கூரை ஒன்று போதும். நல்ல திபெத்தியக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ‘அர்கா’ என்ற ஒருவகை சுண்ணாம்புக் கல்மண் போடுவார்கள். நீண்ட கோலின் அடியில் தட்டையான கல் பொருத்திய திமிசு ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். ஆணும் பெண்ணும் இரண்டு வரிசையாக நின்று, பாடிக்கொண்டே, தாளத்துக்கு முன்னும் பின்னும் நகர்ந்து அந்த மண்ணை இடித்து இறுக்குவார்கள். நாள்கணக்கில் நடக்கும் வேலை. தண்ணீர் தெளித்து மறுபடி இடித்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, எல்ம் மரப்பட்டை ஊறிய வழவழப்பான சாற்றைப் பூசி, கடைசியில் எண்ணெய் தடவுவார்கள். தளம் பளிங்கு மாதிரி மினுங்கும். ஆனால் அப்படியே விட்டுவிட முடியாது, அவ்வப்போது எண்ணெய் தடவிப் பராமரிக்க வேண்டும். ஆள் குடியிருக்கிற வீட்டில்தான் அது நடக்கும். குடியிருப்பவர்களை வெளியேற்றிவிட்டு வீட்டைக் காப்பதாகச் சொன்னால் நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் ஆண்ட்ரே அலெக்சாண்டரும் பிம்பிம் டி அசெவேடோவும். அவர்கள் 1996-ல் தொடங்கிய திபெத் பாரம்பரிய நிதியம் லாசா நகர நிர்வாகத்தோடு சேர்ந்தே பல பழைய வீடுகளையும் ஜோகாங்கை ஒட்டிய மெரு நிங்பா மடத்தையும் சீரமைத்தது. வயதான திபெத்தியக் கொத்தனார்களையும் தச்சர்களையும் தேடிப்பிடித்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார்கள். உளுத்துப்போன உத்திரத்தை மட்டும் மாற்றினார்கள். தண்ணீர், கழிப்பறை, வடிகால் எல்லாம் வந்தன. குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். வசதியா பழமையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே வரவில்லை. ஆனாலும் 2000-த்தோடு லாசாவில் அவர்கள் வேலை நிறுத்தப்பட்டது. ஆண்ட்ரே 2012-ல் காலமானார். நல்லபடியாக நடந்துகொண்டிருந்த ஒரு வேலையை இப்படி நிறுத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்குப் பதிலாக வந்தது கான்கிரீட். கான்கிரீட் சுவரில் கறுப்புச் சட்டம் போட்ட ஜன்னலை வரைந்து, உச்சியில் செம்பழுப்புப் பட்டை அடித்து, திபெத்திய பாணி என்று பெயர் வைத்தார்கள். உண்மையான கட்டடத்தில் அந்தப் பட்டை வெறும் வண்ணம் அல்ல. புதர்க் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, வெட்டுமுனை வெளியே தெரியும்படி அடுக்கிச் சாயம் ஏற்றியது. சுவரின் மேல்பகுதியில் பாரத்தையும் அது குறைக்கிறது. 2013-ல் பார்கோரின் தெருக்கடைகளை வணிக வளாகத்துக்கு மாற்றி, குடியிருந்தவர்களை வெளியே அனுப்பியபோது, திபெத்திய எழுத்தாளர் செரிங் ஓசெர் லாசாவைக் காப்பாற்றச் சொல்லி உலகத்திடம் முறையிட்டார். பல நாட்டுத் திபெத்தியல் ஆய்வாளர்களும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். பெய்ஜிங்கில் இருந்துகொண்டு அந்த அம்மா அதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

லாசாவில் நடப்பதை நாம் இங்கிருந்து நிறுத்த முடியாது, சரி. ஆனால் இதே கட்டடக்கலையின் நெருங்கிய சொந்தம் நம் நாட்டிலேயே, லடாக்கின் லே நகரில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு அரண்மனைக்குக் கீழே மண்ணும் கல்லும் பாப்லர் மரமுமாகப் பழைய ஊர் நிற்கிறது. லாசாவில் வேலை செய்த அதே நிதியம் அங்கே வீட்டுக்காரர்களோடு செலவைப் பகிர்ந்துகொண்டு வீடுகளைச் சீரமைத்து வருகிறது. அங்கேயும் வசதியுள்ள குடும்பங்கள் கீழே புது வீடுகளுக்குப் போய்விட, பழைய வீடுகள் கவனிப்பாரில்லாமல் சரிகின்றன. இடித்துக் கான்கிரீட்டில் கட்டுவது அங்கேயும் நடக்கிறது. மண் வீட்டைப் பழுதுபார்க்க லடாக் நிர்வாகம் மானியம் கொடுக்கட்டும், அந்தக் கொத்தனார்களுக்கு அரசு வேலைகளில் முன்னுரிமை கொடுக்கட்டும். பாங்காங் ஏரிக்கு வண்டி பிடிக்கும் அவசரத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்களும் லேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி அந்தச் சந்துகளில் நடந்து பாருங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், அந்த வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள்.