ஒட்டு தெரிந்தால் என்ன குறை?

ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இல்லாதவர்களுக்கு இந்நேரம் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். பேச்சாளர் பெயரை எழுதப் போவதில்லை. பெரியவர், நிறையப் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி 'கொலாஜ்' செய்த ஜெர்மன் பெண் ஓவியர் ஹன்னா ஹோக்கின் படத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் காட்டிவிட்டு, "ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை, பழைய பத்திரிகைக் கட்டு. இவ்வளவுதான் சங்கதி" என்று சிரித்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி வேறு.

ஆமாம் ஐயா, கத்தரிக்கோல்தான். பசைதான். ஹோக் என்ன மறைக்கவா செய்தார்? 1919-இல் செய்த அந்தப் படத்தின் நீளமான தலைப்பு தொடங்குவதே சமையலறைக் கத்தியில்தான். ஒட்டு தெரிய வேண்டும் என்றுதான் அவர் ஒட்டினார். இதையேதான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது எப்பேர்ப்பட்ட காலம் என்று கொஞ்சம் பாருங்கள். முதல் உலகப் போரில் தோற்று, பேரரசர் கைசர் நாட்டை விட்டு ஓடி, தெருவில் துப்பாக்கிச் சத்தம் அடங்காத பெர்லின். 1919 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் எபெர்ட் பதவியேற்ற அதே வாரம், 'பெர்லினர் இலுஸ்ட்ரீர்ட்டே' பத்திரிகை அவரையும் ராணுவ அமைச்சர் நோஸ்கேயையும் நீச்சல் ஜட்டியோடு அட்டைப்படத்தில் போட்டது. தொப்பையும் தானுமாகத் தண்ணீரில் நிற்கும் இரண்டு பெரிய மனிதர்கள். ஹோக் இன்னொரு படத்துக்காக அந்த இரண்டு உருவங்களையும் வெட்டி எடுத்து ஓர் எம்பிராய்டரி டிசைன் தாளில் ஒட்டினார். பட்டாம்பூச்சி, பூ, குடை பிடித்த பெண், நடுவில் ஜட்டியோடு அரசாங்கம்! அந்த வருடத் தொடக்கத்தில் பெர்லினில் எழுந்த தொழிலாளர்களைச் சுட்டு அடக்கியது இதே நோஸ்கேயின் கட்டளைக்குக் கீழிருந்த படைகள். இவ்வளவையும் ஒரு வரி எழுதாமல், நாலு துண்டுத் தாளில் சொல்லியிருக்கிறார். இதற்குப் பெயர் 'இவ்வளவுதான் சங்கதி'.

எம்பிராய்டரி தாள் ஏன் என்கிறீர்களா? அதுதான் அவர் உத்தியோகம். 1916 முதல் பத்து வருடம் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பெண்கள் பத்திரிகைகளுக்குப் பின்னல், லேஸ், எம்பிராய்டரி டிசைன் போட்டுக்கொடுத்தார். அந்த ஜட்டிப் படத்தை அட்டையில் போட்ட பத்திரிகையும் அதே நிறுவனத்துடையது. சம்பளம் கொடுத்த முதலாளியின் பக்கங்களையே வெட்டியிருக்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், நானும் பசைக்காரிதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒரு வார இதழில் லே-அவுட் பிரிவில் இருந்தேன். அச்செடுத்த பத்திகளை பிளேடால் நறுக்கி, பின்னால் ரப்பர் சொல்யூஷன் தடவி, ஸ்கேல் வைத்து நேராக ஒட்ட வேண்டும். விரல் நுனியில் காய்ந்த சொல்யூஷனை உருட்டி எடுப்பதுதான் எங்கள் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. ஒருமுறை விமான விபத்துச் செய்திக்குப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் உல்லாசப் பயண விளம்பரத்தை வைக்கச் சொன்னார்கள். "சரியா இருக்காதே சார்" என்றேன். "இடம் இருக்கு, ஒட்டுங்க" என்றார் ஆசிரியர். ஒட்டினேன். ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை. அந்த மாதிரிப் பக்கத்தை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஒட்டே தெரியாமல் ஒட்டிக் கொடுப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஹோக் அதையே தெரியும்படி ஒட்டினார்.

இன்று காலை என் கைபேசியில் வந்த வரிசை: இடிந்த வீடு, ஷாம்பு விளம்பரம், தெரிந்தவர் மரணம், யாரோ ஒருவரின் நாய்க்குட்டி. கட்டைவிரல் நிற்கவே இல்லை. ஐயா அவர்களின் கைபேசியில் மட்டும் வாழ்க்கை கோர்வையாக வருகிறது போலிருக்கிறது.

"ஏஐ ஒரு நொடியில் செய்துவிடுமே" என்கிறார்கள். செய்யட்டும். அது ஒட்டை மறைக்கிறது. மறைப்பது புது வித்தையும் இல்லை. ஸ்டாலின் பக்கத்தில் நடந்துபோன அவருடைய ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவை 1940-இல் சுட்டுக் கொன்றார்கள், அப்புறம் படத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். யெஷோவ் இருந்த இடத்தில் வெறும் கால்வாய்த் தண்ணீர். கூட்டத்தில் சொன்னது போல அந்த மறைப்பும் ஹோக்கின் ஒட்டும் ஒன்று என்றால், பொய் சொல்பவனும் பொய்யைக் காட்டிக்கொடுப்பவனும் ஒன்றுதான்.

"வரையத் தெரியாதவர்கள் செய்கிற வேலை" என்கிறார்கள். ஹோக் முறையாகக் கலை படித்தவர், கடைசிவரை வரைந்தவர். "பார்த்தால் தலை வலிக்கிறது" என்கிறார்கள். மாத்திரை போடுங்கள்.

"ஹார்ட்ஃபீல்ட் மட்டும் விதிவிலக்கு" என்று, இதே போல் படங்களை வெட்டி ஒட்டிய இன்னொரு ஜெர்மன் கலைஞரைப் பேச்சாளர் சொன்னாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஹார்ட்ஃபீல்ட் பெரிய ஆள், சந்தேகமே இல்லை. 1932-இல் ஹிட்லரின் முதுகெலும்பைத் தங்கக் காசுகளால் அடுக்கி எக்ஸ்ரே போல் காட்டி, 'பொன்னை விழுங்கித் தகரம் பேசுகிறார்', அதாவது உளறுகிறார், என்று எழுதியவர். அடுத்த வருடம் தப்பித்து ப்ராகுக்கு ஓட வேண்டியிருந்தது. எல்லாம் சரி. ஆனால் 1920-இல் பெர்லினில் நடந்த, பழைய கலை மரபுகளைக் கேலி செய்த 'டாடா' இயக்கத்தின் கண்காட்சியில் ஹோக்கின் படங்களைச் சேர்க்கக் கூடாது என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். கூட இருந்தவர் ஓவியர் ஜார்ஜ் குரோஸ். இன்னொரு டாடா கலைஞரான ஹவுஸ்மன் தன் படங்களையும் எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டிய பிறகுதான் இடம் கிடைத்தது. பின்னாளில் டாடா கலைஞர் ஹான்ஸ் ரிக்டர் அந்த நாட்களை எழுதும்போது ஹோக்கைப் பற்றி எதை நினைவுகூர்ந்தார் தெரியுமா? பணமில்லாத காலத்திலும் எப்படியோ சாண்ட்விச்சும் பீரும் காப்பியும் ஏற்பாடு செய்துவிடுவாராம்.

"பெண் என்பதால் பரிந்து பேசுகிறீர்கள்" என்று இன்பாக்ஸில் ஒருவர். பேசினால் என்ன? நான் ஒட்டிய பக்கங்களில் 'லே-அவுட்' என்று போட்டு வந்ததெல்லாம் எங்கள் பிரிவுத் தலைவர் பெயர். பண்டிகைக் காலத்தில் அலுவலகத்துக்கு யார் கோலம் போடுவது என்ற பேச்சு வரும்போது மட்டும் என் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

அந்தச் சமையலறைக் கத்திப் படத்தின் சுட்டியை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். பெரிய திரையில் திறந்து வலது கீழ் மூலைக்குப் போங்கள். பெண்களுக்கு வாக்குரிமை இருந்த ஐரோப்பிய நாடுகளின் சின்ன வரைபடம் இருக்கும். அதன் ஓரத்தில் ஹோக் தன் முகத்தையும் ஒட்டியிருப்பார். கூட்டத்தில் காட்டிய ஸ்லைடில் அந்த மூலை கிராப் ஆகியிருந்தது.