நோய் பெக்கோலாவுக்குள் இல்லை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பொறுத்தும் ஆறவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு எந்தப் பேச்சு என்று தெரியும். வராதவர்களுக்கு: அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் நாவலில் வரும் பெக்கோலா என்ற சிறுமியை உளப்பகுப்பாய்வு வழியாக, அதாவது ஆழ்மனத்தைக் கொண்டு மனிதரை விளக்கும் முறையில், அலசிய பேச்சு. "பெக்கோலாவுக்குத் தாழ்வு மனப்பான்மை. தாயன்பு கிடைக்காத குழந்தை. எழுதினவங்களுக்கும் அதே சிக்கல் இருந்திருக்கும்." நான் மறுத்தபோது வந்த பதில்: "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்."

சரி, நிதானமாகவே சொல்கிறேன். நோய் அந்தப் பிள்ளைக்குள் இல்லை.

டோனி மாரிசனின் முதல் நாவல் 'தி புளூயஸ்ட் ஐ', 1970இல் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் லொரெய்ன் ஊரில் 11 வயதுக் கறுப்பினச் சிறுமி பெக்கோலா, தனக்கு நீலக் கண் வேண்டும் என்று இரவுதோறும் கடவுளிடம் கேட்கிறாள். பேச்சாளர் இதற்குப் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானின் 'கண்ணாடிக் கட்டம்' என்ற கருத்தை எடுத்து வந்தார். கண்ணாடியில் தன் முழு உருவத்தைப் பார்த்து 'இது நான்' என்று குழந்தை பூரிக்கும் பருவம் அது. நன்றாகவே விளக்கினார். ஆனால் பெக்கோலாவின் கண்ணாடி எது என்று கேட்கவே இல்லை. ஹாலிவுட்டின் வெள்ளைக்காரக் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் முகம் போட்ட கோப்பைதான் அவள் கண்ணாடி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக, ஒண்டியிருக்கும் வீட்டின் பாலையெல்லாம் அதில் ஊற்றி ஊற்றிக் குடித்துத் தீர்க்கிறாள். அந்தக் கோப்பையைச் செய்து விற்றது அவள் அம்மாவா?

அம்மா பாலீன் கொடுமைக்காரிதான், நான் மறுக்கவில்லை. வேலை செய்யும் வெள்ளைக்கார வீட்டில் சுடச்சுட இருந்த பழப் பலகாரம் பெக்கோலாவின் கைபட்டு விழுந்து, சாறு அவள் காலைச் சுடுகிறது. பாலீன் மகளை அடித்துவிட்டு, அழுகிற அந்த வீட்டுக் குழந்தையைத் தேற்றுகிறாள். பெற்ற மகள் அவளை 'மிசஸ் பிரீட்லவ்' என்கிறாள், அந்தக் குழந்தையோ 'பாலி' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஆனால் அதே பாலீன் முன்பு கர்ப்பிணியாக, ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோ மாதிரி தலை வாரிக்கொண்டு சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். மிட்டாயைக் கடித்தபோது முன்பல் கழன்று வந்தது. அதோடு அழகு என்ற ஆசையையே விட்டுவிட்டாள். தாயிடம் இல்லாததை மகளுக்கு எப்படித் தருவாள்?

எனக்கு எட்டு வயதில் பள்ளி ஆண்டு விழா. நடனத்துக்கு முன் டீச்சர் என் முகத்தில் பவுடரை இரண்டு தடவை அப்பினார். அப்புறம் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் ஈரத்துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பவுடர் போன பிறகும் துடைத்தாள். என்னை மடியிலேயே வைத்து வளர்த்தவள் அவள். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பல வருடம் நான் போட்டோவுக்கு நிற்கவே மாட்டேன். தாயன்புக் குறை என்கிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

'உன் கதையைக் கறுப்பினப் பெண்கள் மேல் ஏற்றுகிறாய்' என்பீர்கள். இல்லை. என் வலியும் அடிமை வரலாறும் ஒன்றல்ல, எனக்கு அது தெரியும்.

'உளப்பகுப்பாய்வே வேண்டாம் என்கிறாயா' என்றும் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பிள்ளை தாயின் நிலையைச் சேரும் என்று 1662இல், அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயக் காலனியாக இருந்த வர்ஜீனியா சட்டம் போட்டது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. அந்த இடத்திலிருந்து குடும்பம், தாய், தகப்பன் என்ற சொற்களையே புரட்டிப் பார்த்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிய அறிஞர் ஹார்டென்ஸ் ஸ்பில்லர்ஸின் கட்டுரை 1987இலேயே வந்துவிட்டது. கறுப்பினப் பெண்கள் இதையெல்லாம் யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கறுப்பின மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபானோன் 1952இல் கறுப்பினப் பெண்ணைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினார், அந்த நேர்மையாவது அவரிடம் இருந்தது. கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் தன் நாவலில் படைத்த ஜேனி, ஆறு வயதில் குழுப் படத்தில் தன்னைத் தேடி 'நான் எங்கே?' என்று கேட்கிறாள். வெள்ளைக் குழந்தைகளோடு வளர்ந்தவள். படத்தில் இருக்கும் கறுப்புப் பிள்ளைதான் தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. கண்ணாடிக் கட்டத்துக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? இரண்டு மணி நேரத்தில் ஜேனியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது, மாரிசனுக்கே அந்தச் சிக்கல் என்றதுதான். நீலக் கண் கேட்டது பள்ளியில் அவரோடு படித்த ஒரு சிறுமி. அதைக் கேட்டுத் தனக்குக் கோபம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கோபப்பட்டவரை நோயாளி ஆக்குகிறீர்கள். பெண் கோபப்பட்டால் நோய், பேசினால் உணர்ச்சிவசம். ஆண் எழுதினால் மட்டும் அது தத்துவமா?

பெக்கோலா மூன்று பென்னி கொடுத்து மிட்டாய் வாங்கும் பக்கத்தை மட்டும் மறுபடி படியுங்கள். கடைக்காரர் அவளைப் பார்ப்பார், ஆனால் அவர் கண்ணில் அவள் விழமாட்டாள். காசை எடுக்க அவள் உள்ளங்கையைத் தொடவேண்டுமே என்று தயங்குவார். படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.