இலவச வக்கீல் கிடைப்பாங்கன்னே நிறைய பேருக்கு தெரியல

கட்டுரையில குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டுக்கு போங்கன்னு போட்டிருக்கீங்க, வக்கீலுக்கு குடுக்க காசு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு ஒரு வரி கூட இல்லையேன்னுதான் இதை எழுதுறேன். மாவட்ட கோர்ட்லயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் போட்டு தருவாங்க, 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க.

எங்க அக்காவுக்கு இது தெரியாம ரெண்டு வருஷம் போச்சு. தோடை அடகு வச்சுதான் பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுனா. அப்புறம் ஒரு மஞ்சப்பையில பீஸ் ரசீது, மருந்து பில்லு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாத்தையும் போட்டு எடுத்துட்டு போனா, அந்த ரசீதுங்கதான் கேஸ்ல ரொம்ப உதவுச்சு, தயவுசெஞ்சு எதையும் தூக்கிப் போடாதீங்க.

முன்னாடி ஜீவனாம்ச கேஸை குற்றவியல் நடைமுறை சட்டத்தோட 125வது பிரிவுன்னு சொல்வாங்களே, 2024 ஜூலைல இருந்து அது அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல (BNSS) 144வது பிரிவு. கேஸ் முடியுற வரைக்கும் இடைக்கால தொகையும் கேக்கலாம், நோட்டீஸ் போய் சேர்ந்து முடிஞ்சவரை 60 நாளுக்குள்ள அதை முடிவு பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. மனு போட்ட தேதில இருந்தே பணம் கணக்காகணும்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, அதனால சமாதானம் பேசுறோம்னு சொந்தக்காரங்க இழுத்தாலும் மனுவை முதல்ல போட்டுடுங்க.

ஆர்டர் வந்தும் குழந்தையோட அப்பா பணம் கட்டலைன்னா பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போடணும், இதை தவறவிட்டுதான் எங்க அக்காவுக்கு நாலு மாச பணம் நின்னு போச்சு.