பன்னெண்டாவது விசில்

மூணு விசில், ஆறு விசில், இப்போ பதினொண்ணு. துவரம்பருப்பு இன்னும் கூழாங்கல்லு மாதிரி கிடக்கு. சென்னையில நாலே விசில்ல குழைஞ்ச அதே பருப்புதாங்க! ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம் ஊருக்கு வேலைக்கு வந்து எட்டு மாசம், இந்த உவர்த்தண்ணி என்னை ஒருநாளாவது நிம்மதியா சமைக்க விட்டுச்சா? குழாயில காவிரித் தண்ணி எப்ப வரும்னு கேட்டா, "வரும் தம்பி, வரும்"ங்கிறார் வீட்டுக்கார அண்ணன். என்னைக்குன்னு காவிரிக்கே தெரியாது போல.

ஷாம்பு நுரைக்காது. கெட்டிலுக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெள்ளையா ஒரு படலம். நகத்தால சுரண்டினா பொருக்குப் பொருக்கா உதிருது. இதுல போன்ல ஒரு ஆப் வேற, மணிக்கொரு தரம் "தண்ணீர் குடியுங்கள்"னு கொஞ்சுது. குடம் குடமா காசு குடுத்து வாங்குறவன்கிட்ட பேசுற பேச்சா இது?

சரி, பருப்பு வேண்டாம், மீன் குழம்பாவது வைப்போம்னு போனா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். 61 நாள்! நாட்டுப்படகுல வந்த நாலு சூடை மீனுக்கு மீன்கார அக்கா சொன்ன விலைக்கு, அதை வறுக்கிறதா பேங்க்ல போடுறதான்னு தெரியல. "கடலோரம் இருக்க, உனக்கென்னடா, தினமும் மீனுதான்"ங்கிறான் ஃப்ரெண்டு.

பன்னெண்டாவது விசிலும் அடிச்சிருச்சு. திறந்து பார்க்கவே பயமா இருக்கு.