ஆணும் பெண்ணும் பேசிப் பழக வேண்டிய வயது

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரப்பரும் பென்சிலும் மாற்றிக்கொண்ட பிள்ளைகள், எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாதவர்களாக ஆக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டின் பல இருபாலர் பள்ளிகளில் இது எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. சில தனியார் பொறியியல் கல்லூரிகளில் படிக்கட்டும் பேருந்து இருக்கையும்கூடப் பிரிக்கப்பட்டு, பேசினால் அபராதம் என்ற அளவுக்குப் போகிறது. இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இழைக்கும் பெருந்தீங்குகளில் ஒன்றாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

நட்பு என்பது பழகிப் பழகித்தான் கைவரும். சிறு வயதில் காலையில் ‘காய்’ விட்டு மாலையில் ‘பழம்’ விடும் பிள்ளைகள், கோபத்துக்குப் பிறகும் உறவு மிஞ்சும் என்பதையும், தவறு செய்தவர் முதலில் போய்ப் பேச வேண்டும் என்பதையும், எவ்வளவு கெஞ்சினாலும் சிலர் நம்மோடு சேரமாட்டார்கள் என்பதையும் யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொள்கிறார்கள். இந்தப் பயிற்சி மிகவும் தேவைப்படும் பதின்மூன்று பதினான்கு வயதில், எதிர்ப்பாலினத்தவர் விஷயத்தில் மட்டும் அதை நாம் நிறுத்திவிடுகிறோம். இருவர் பாடத்தைப் பற்றிப் பேசினாலும் வகுப்பு அவர்கள் பெயரைச் சேர்த்துக் கேலி செய்கிறது. ஆசிரியர் பெற்றோரை அழைத்துவரச் சொல்கிறார். வீட்டில் அடி விழுகிறது. வெறும் தோழமையாக இருந்த ஒன்றுக்குக் காதல் என்று பெயர் சூட்டி, அதை மறைவுக்குத் துரத்துகிறவர்கள் பெரியவர்களே.

இதில் ஆண் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பெண்ணோடு இயல்பாகப் பேசியே அறியாமல் வளரும் பையனுக்குப் பெண்ணைப் பற்றிய அறிவெல்லாம் திரைப்படத்திலிருந்தும் கைப்பேசியிலிருந்தும்தான் வருகிறது. அங்கே அவள் முதலில் மறுப்பாள், விடாமல் பின்னால் போனால் மனம் மாறுவாள். ‘வேண்டாம்’ என்ற சொல்லை ஒரு தோழியின் வாயிலிருந்து பத்து முறை சாதாரணமாகக் கேட்டுப் பழகியவனுக்கு, பின்னாளில் அதே சொல் அவமானமாகப் படாது. 1998-இல் சென்னையில் ‘ஈவ் டீசிங்’ எனப்படும் கேலிவதைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, தமிழக அரசு அதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சட்டம் தண்டிக்கும், மறுப்பை ஏற்றுக்கொள்ளும் பக்குவத்தை வீடும் வகுப்பறையும்தான் தர முடியும். ஒருதலைக் காதல் என்ற பெயரில் நடக்கும் கொலைச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்துக்கே வந்து நிற்கிறது.

மறைவுக்குத் துரத்தப்பட்ட உறவு எங்கே போய் முடிகிறது என்பதற்கு நீதிமன்றங்களே சாட்சி. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமையிலிருந்து காக்க வந்த இந்தச் சட்டம் அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பதினேழு வயதுப் பெண்ணும் அவளைவிட இரண்டொரு வயது மூத்த பையனும் வீட்டைவிட்டுப் போனால், பெண்ணின் குடும்பம் கொடுக்கும் புகாரில் அந்தப் பையன் பல ஆண்டுச் சிறையை எதிர்கொள்ள நேர்கிறது. 2021-இல் இப்படிப்பட்ட வழக்கு ஒன்றை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், வளரிளம் பருவத்தினரின் உறவுகளைக் குற்றமாக்குவது இச்சட்டத்தின் நோக்கம் அன்று என்று தெளிவுபடுத்தியது. வழக்கு ரத்தாகலாம், அதற்குள் இருவர் படிப்பும் பாழாகியிருக்கும்.

நம் அச்சத்தின் அடியில் சாதி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘யாரோடு பேசுகிறாய்’ என்ற கேள்வி பல வீடுகளில் ‘அவர்கள் என்ன ஆட்கள்’ என்பதில்தான் முடிகிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024-இல் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும், வகுப்பில் அவர்களை அகரவரிசைப்படி அமர்த்தவும் பரிந்துரைத்தது. அந்த அகரவரிசையை ஆண், பெண் என்று பிரிக்காமல் நடைமுறைப்படுத்தும் துணிவு பள்ளிகளுக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். அறிவியல் செய்முறைக் குழுவிலும் ஆண்டுவிழா வேலைகளிலும் ஆசிரியரின் கண்முன்னே சேர்ந்து உழைக்கும் பிள்ளைகளுக்குத் திருட்டுத்தனமாகச் சந்திக்கும் தேவை குறையும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. மகனின் தோழியும் மகளின் தோழனும் வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகும்படி நம் வீடு இருக்கட்டும். அவர்கள் பெயர் நமக்குத் தெரிந்திருக்கட்டும். அப்படிப்பட்ட வீட்டில்தான், எந்த நட்பு கெட்டது என்பதையும் பிள்ளையிடம் மனம்விட்டுப் பேச முடியும். கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பவர், மற்ற நண்பர்களை விட்டு விலகச் சொல்பவர், படம் அனுப்பச் சொல்லி வற்புறுத்துபவர், பிரிந்தால் உயிரை விடுவேன் என்று மிரட்டுபவர் ஆகியோர் ஆணாயினும் பெண்ணாயினும் ஆபத்தானவர்கள் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம்மிடம் சொல்லவே முடியாத நிலை வந்தால் அழைப்பதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.