ஓடுகிற பஸ்ஸில் ஓடுகிற கதை

எழுத்து ஓடவில்லை என்று யாரிடமும் வாய்விட்டுவிடக் கூடாது. "எங்கயாவது ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, தானா வரும்" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். போனால் வரத்தான் செய்கிறது. வம்பே அங்கேதான்.

வீட்டில் மேசை, ஃபேன், கட்டன் சாயா எல்லாம் இருந்தும் ஒரு வரி நகராது. நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, தக்கலை வழியில் வேளிமலை கண்ணில் பட்டதும் முட்டிக்கொண்டு நின்ற பத்தி தானாக அவிழும். நோட்டை எடுத்தால் ரோடு முழுக்கக் குழி. 'கடல்' என்று எழுதியதை அப்புறம் 'குடல்' என்றுதான் வாசிக்க முடியும். போனில் தட்டினால் பக்கத்து சீட்டு அண்ணாச்சி கழுத்தை நீட்டி, "கதையாக்கும்?" என்பார். அத்தோடு போச்சு.

சரி, இறங்கி எழுதலாம் என்றால் மாத்தூர் தொட்டிப்பாலம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. 115 அடி உயரம். தொட்டியை ஒட்டி நடைபாதை, கீழே பறளியாறு, சுற்றிலும் தென்னையும் ரப்பரும். காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அங்கே போய் நோட்டைத் திறப்பவன் (மன்னிக்கவும்) ரசனை கெட்டவன்.

திரும்பும்போது மழை. மறுபடி ஒரு வரி வருகிறது, அருமையான வரி. அதற்குள் "ஷட்டரை இறக்குங்க, நனையுது" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். இந்தப் பஸ் ஷட்டரை ஒரு கையால் இறக்கியவர் யாராவது உண்டா? இரண்டு கையாலும் தொங்கி இழுத்து முடிப்பதற்குள் வரி தக்கலையிலேயே இறங்கிவிட்டது.